நெப்ராஸ்கா: படுக்கையறையில் பதிவான ஆல்பம்

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 செப்டம்பரில் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ ஆல்பத்தில் ஒலிநாடாவின் இரைச்சல் தெளிவாகவே கேட்கிறது. அதைக் குறையாகக் கருத எனக்கு மனம் வரவில்லை. நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் படுக்கையறையில், இரண்டு ஷூர் மைக்குகளையும் நான்கு தடங்களில் பதியும் டியாக் போர்ட்டாஸ்டுடியோ கேசட் கருவியையும் கொண்டு, இசைக்குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவாகத்தான் அவர் இப்பாடல்களைப் பாடிவைத்தார். பின்னர் தன் ஈ ஸ்ட்ரீட் இசைக்குழுவுடன் ஸ்டுடியோவில் முயன்றபோது அவற்றின் தனிமை கரைந்துபோனதால், உறைகூட இல்லாமல் கால்சட்டைப் பையில் சுமந்து திரிந்த அந்தக் கேசட்டையே வெளியிடுவதென முடிவானது. அதிலிருந்து இசைத்தட்டுக்குத் தக்க ஒலியைப் பெறுவது பொறியாளர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

கிதாரும் ஹார்மோனிகாவும் எக்கோபிளெக்ஸ் கருவி எழுப்பும் எதிரொலியும் சேர்ந்து, 1958-ஆம் ஆண்டில் ஸ்டார்க்வெதர் என்ற இளைஞன் செய்த தொடர்கொலைகளைக் கொலையாளியின் குரலிலேயே சொல்லும் தலைப்புப் பாடலை நடுங்கவைக்கும் அனுபவமாக்குகின்றன. ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ பாடலில் ஒரே கிதார் தாளம் விடாமல் துடித்துக்கொண்டிருக்க, இறுதியில் எழும் அலறல் கேட்பவரை உலுக்கிவிடும். பிற்பகுதியில் சில மெட்டுகள் முன்பு கேட்டவற்றை ஒத்திருப்பது உண்மைதான். ஆயினும் பாடல்வரிகளை ஊன்றிக் கேட்பவர்கள் இதை ஹெட்போனில், இடைநிறுத்தாமல் முழுவதுமாகக் கேட்க வேண்டும்.