கேசட்டைக் கணினியில் ஏற்றும் கருவி: மூன்று மாத அனுபவம்

கல்யாணமான புதிதில் நான் வெளியூரில் வேலை பார்த்தேன். கடிதம் எழுத என் மனைவிக்குப் பொறுமை கிடையாது, கேசட்டில் பேசி அனுப்புவாள். அப்படி வந்தவை 14. 46 வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டு டேப் ரெக்கார்டர் எப்போதோ கெட்டுவிட்டதால், யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணையும் இந்தச் சின்ன பிளேயரை வாங்கினேன்.

வாங்கிய வேகத்தில் கேசட்டைப் போட்டுவிடாதீர்கள். பல வருடம் கிடந்த நாடா சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கலாம். பென்சிலை நுழைத்து ஒரு தடவை முழுக்கச் சுற்றிவிட்டுப் போடுங்கள். நாடாவை, பதிவைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு இரண்டில் உதிர்ந்திருந்தது. வேண்டாத கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன்.

பெரிய குறை மோட்டார்தான். நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், இது அதைவிட வேகமாக ஓடியது. குரல் கீச்சென்று யாரோ சின்னப் பெண் பேசுவதுபோல் இருந்தது. "என்னங்க, கேக்குதா?" என்றுதான் ஒவ்வொரு கேசட்டையும் ஆரம்பிப்பாள். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மோட்டாருக்குப் பின்னால் இருக்கும் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். அளந்து பார்க்கக் கருவி எதுவும் இல்லை, என் காதுதான். அரை மணி நேரம் கழித்து அவள் வந்துவிட்டாள். கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது முக்கியம். சத்தம் இல்லாத இடத்தில் பதிவைத் தானாக வெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கும் வசதி இதில் உண்டு. பாட்டு கேசட்டுக்கு அது நல்லதுதான். இவளோ பேச்சை நிறுத்தி, யோசித்து, "அப்புறம்..." என்று தொடர்பவள். முதல் கேசட் 30 துண்டாக வந்தது, அவள் யோசித்த நேரமெல்லாம் காணோம். அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி பதிந்தேன். சி-90 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம் உட்கார வேண்டும். எனக்கு அது பாரமாக இல்லை.

ஹெட்போனில் கேட்டால் சில இடங்களில் அவள் பேசத் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வினாடி முன்பே அதே வார்த்தை மிக மெல்லக் கேட்கிறது. கருவியின் கோளாறு இல்லை. சுற்றி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் லேசாக ஏறிவிடும். ஆடாசிட்டி மென்பொருளில் இரைச்சலை நீக்கிப் பார்த்தேன். அவள் மூச்சு வாங்குவதும் சேர்ந்தே போயிற்று. அழித்துவிட்டு மூலப் பதிவையே வைத்துக்கொண்டேன்.

பதிவை அழிக்க முடியாதபடி கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் துண்டை 13 கேசட்டிலும் அவளே உடைத்து அனுப்பியிருக்கிறாள். மறந்துபோன அந்த ஒன்றின் மேல் நான் பாட்டுப் பதிந்துவிட்டேன். பாட்டு முடிந்த பிறகு, கடைசியில் நாலு நிமிடம் அவள் மிச்சம் இருக்கிறாள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். குறைத்த இரண்டும் மோட்டாருக்காக.