எத்தனை முறை வாய் திறந்தார்கள்? வேலைக்குத் தயாராகும் நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

தீபாவளி விடுமுறை முடிந்ததும் இறுதியாண்டு மாணவர்கள் எங்கள் துறை வாசலில் வந்து நிற்பார்கள். ஆண்டுதோறும் கேள்வி ஒன்றுதான்: "சார், பெங்களூரு போய் மூன்று மாதப் பயிற்சியில் சேரட்டுமா? இல்லை, கல்லூரியில் நடத்துவதே போதுமா?" அவர்களில் சிலர் வீட்டில் நகையை அடகு வைக்கப் பேசி முடித்திருப்பார்கள். அதனால்தான் இந்தக் கேள்விக்குப் போகிற போக்கில் பதில் சொல்ல எனக்கு மனம் வராது. தருமபுரிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். மாதிரி நேர்காணல் நடத்தும் பொறுப்பும் பல ஆண்டுகளாக என்னிடம்தான் இருக்கிறது.

எங்கள் மாணவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. கல்லூரியே நடத்தும் பயிற்சி, அரசின் நான் முதல்வன் திட்டம், கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சி நிலையம், நிறுவனத்தில் உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேலை பழகும் தொழிற்பழகுநர் பயிற்சி. கட்டணம் எவ்வளவு, சான்றிதழ் யார் பெயரில் என்றுதான் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். நான் கேட்பது வேறு. அங்கே மாணவர் எத்தனை முறை வாய் திறந்து, தான் செய்த வேலையைப் பற்றிப் பேசினார்? பேசியதை யாராவது அக்கறையாகத் திருத்தினார்களா?

இந்த அளவுகோலை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் ஒரு மாணவி. பி.காம். இறுதியாண்டு. மாதிரி நேர்காணலில் எதிரே உட்கார்ந்து, மனப்பாடம் செய்த ஆங்கில அறிமுகத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சுயவிவரத்தில் கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர், விரைவில் கற்றுக்கொள்பவர் என்று மூன்று வரி. அதற்குக் கீழே தந்தை பெயர், மதம், பிறகு "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழி. "கடின உழைப்பாளி என்கிறாயே, அப்படி என்னம்மா உழைத்தாய்?" என்று கேட்டேன். தலை குனிந்துவிட்டது. வீட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறாராம். குழுவின் தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு மூன்றையும் மூன்று ஆண்டுகளாக எழுதுவது இவள்தானாம்!

தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் வேர்விட்டது எங்கள் மாவட்டத்தில்தான், 1989-இல். அந்தக் குழுக்களின் கணக்கை எழுதி வளர்ந்த பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் நிறையப் பேர். ஒருவர்கூட அதைச் சுயவிவரத்தில் எழுதுவதில்லை. "மாதக் கடைசியில் கணக்கு இடித்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. வங்கிப் புத்தகத்தை எடுத்து, வட்டியைத் தனியாகப் பிரித்து, யாருடைய தவணை எந்தத் தேதியில் விடுபட்டது என்று பின்னோக்கிப் போவதை விரல் விட்டு விளக்கினாள். ஒரு முறை 240 ரூபாய் இடித்ததாம். இரவு பதினொரு மணி வரை தேடியதில், ஒரே ஆளின் பெயரில் தவணை இரண்டு தடவை ஏறியிருந்தது தெரிந்ததாம். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்க வருகிறவர் கேட்க விரும்புவது இந்தப் பதிலைத்தான். அவளிடம் அது முதலிலிருந்தே இருந்தது. அதை வெளியே எடுக்கத்தான் யாரும் உட்காரவில்லை.

இனி நான்கு வழிகளுக்கு வருகிறேன்.

கல்லூரிப் பயிற்சி பெரும்பாலும் இரண்டு நாள் நடக்கும். கலையரங்கில் 200 பேர், மைக் பிடித்த பயிற்றுநர் ஒருவர். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் மொத்தம் 600 நிமிடம். பயிற்றுநர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எல்லா நேரத்தையும் மாணவர்களுக்கே கொடுத்தாலும் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் வரும். உண்மையில் முன்வரிசையில் இருக்கும் பத்துப் பேர் பேசுகிறார்கள், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். அதற்காக இதை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். நிறுவனங்கள் வளாகத்துக்கே வருவதும், முதல் அழைப்பு யாருக்கு என்பதும் வேலைவாய்ப்புப் பிரிவின் வழியாகத்தான் நடக்கிறது. அங்கே பெயர் பதியாமல் இருப்பது பெரிய இழப்பு. ஆனால் அதைப் பயிற்சி என்று நம்பிக் காத்திருந்தால் ஏமாந்துபோவோம்.

நான் முதல்வன் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிவைத்தார். கல்லூரிகளுக்கான பயிற்சிகளை நடத்துவது தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். ஆங்கிலத் திறன், அலுவலக மென்பொருள், துறை சார்ந்த படிப்புகள் எல்லாம் பருவப் பாடத்தோடு சேர்ந்தே, கட்டணம் இல்லாமல் வருகின்றன. இதன் பலம், கடைசிப் பருவம் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான். பஸ்ஸுக்கே கணக்குப் பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கும் இது கிடைக்கிறது. பலவீனம் எங்கே என்றால், பாடத்தோடு சேர்ந்துவிட்டதால் மாணவர்கள் இதையும் மதிப்பெண்ணுக்கான இன்னொரு தாளாகவே நினைக்கிறார்கள். செயல்திட்டத்தை நண்பனிடமிருந்து நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தானே செய்தவன் நேர்காணலில் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறான். நகல் எடுத்தவனுக்கு அதன் தலைப்பே நினைவில் இல்லை. திட்டம் ஒன்றுதான், பலன் இருவருக்கும் வேறு.

தனியார் நிலையங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் புரள்வது இங்கேதான். நல்ல நிலையங்கள் இருக்கின்றன. இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட வகுப்பு, வாராவாரம் மாதிரி நேர்காணல், பேசியதைப் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் காட்டும் ஆசிரியர். என் அளவுகோலில் இவை கல்லூரிப் பயிற்சியைவிட மேலே நிற்கின்றன. ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. ஒரே நிலையத்தில் ஆளுக்கு 35,000 ரூபாய் கட்டிவிட்டு வந்த மூன்று பேரை ஒரே நாளில் மாதிரி நேர்காணலுக்கு உட்கார வைத்தேன். "உங்கள் பலவீனம் என்ன?" என்ற கேள்விக்கு மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: எதையும் குறையில்லாமல் முடிக்க நினைப்பதுதான் என் பலவீனம். சொல் மாறவில்லை, இழுத்து நிறுத்தும் இடம்கூட மாறவில்லை. ஒரு நாளில் நாற்பது பேரைப் பார்க்கும் அதிகாரிக்கு இது ஐந்தாவது ஆளிலேயே சலித்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறேன். விளம்பரத்தில் "வேலை உறுதி" என்று இருக்கும். ரசீதில் "வேலை தேட உதவி" என்று இருக்கும். ரசீதில் உள்ளதுதான் செல்லும். இரண்டாவது, அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டு உங்கள் கண்ணெதிரே திருப்பித் தரட்டும். மூன்றாவது, சேரும் முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். அன்று எத்தனை மாணவர்கள் பேசினார்கள் என்று எண்ணுங்கள். அனுமதி மறுத்தால் அங்கே சேர வேண்டாம். டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் போன்று கைக்கு வரும் தொழிலைக் கற்றுக்கொள்ளப் பணம் கட்டலாம். "ஆளுமை வளர்ச்சி" என்ற பெயரில் கேட்டால், நகையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வழியைத்தான் எங்கள் பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. ஐடிஐ, டிப்ளமோ, பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் அது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2014-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்களும் சேரலாம். 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ படித்தவருக்கு 8,000 ரூபாய் என உதவித்தொகையை நிர்ணயித்தன. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் (NATS) சேர்ந்தால் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. தென்மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. எங்களுக்கோ ஓசூர் பக்கத்திலேயே இருக்கிறது. வண்டித் தொழிற்சாலையும் கடிகாரத் தொழிற்சாலையும் உள்ள ஊர்.

இதில் குறை இல்லாமல் இல்லை. பயிற்சி முடிந்ததும் நிறுவனம் நிரந்தர வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அறை வாடகை, சாப்பாடு போக உதவித்தொகையில் மிச்சம் பிடிப்பது கடினம். சில இடங்களில் பழகுநரைக் கோப்பு தூக்கவும் நகல் எடுக்கவும் வைத்துவிடுகிறார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். இருந்தாலும் ஓராண்டு முடித்துவிட்டு வந்தவன் பேசும்போது வித்தியாசம் தெரிகிறது. கிடங்குப் பிரிவில் பழகுநராக இருந்த எங்கள் மாணவன் ஒருவன், சரக்கு வந்ததும் விலைப்பட்டியலையும் கொள்முதல் ஆணையையும் எப்படி ஒத்துப்பார்ப்பது, எண்ணிக்கை குறைந்தால் யாருக்கு எழுதுவது என்று எளிய ஆங்கிலத்தில், தட்டுத் தடுமாறித்தான், ஆனால் பயமில்லாமல் சொன்னான். இலக்கணப் பிழைகள் இருந்தன. யாருக்கும் அவை பெரிதாகப் படவில்லை. நாள் முழுக்க அவன் செய்த வேலை அது. சொல்ல அவனிடம் பொருள் இருந்தது.

என் தீர்ப்பு இதுதான். பணமும் வழிகாட்டலும் குறைந்த வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பழகுநர் பயிற்சி முதலில். நான் முதல்வன் பாடத்தை நகல் எடுக்காமல் முடிப்பது அதற்கு இணையாக. கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் எப்போதும் இருக்கட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார்துறை முகாம்களுக்கு, வேலை கிடைக்காது என்று தோன்றினாலும் போய் வாருங்கள். முன்பின் தெரியாதவர் எதிரே உட்கார்ந்து பேசும் பழக்கம் வேறு எங்கும் இலவசமாகக் கிடைக்காது. வேலை தருவதற்கு யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தனியார் நிலையம் கடைசியில்தான்.

சுயவிவரத்துக்கு ஒரு பக்கம் போதும். மதமும் தந்தை பெயரும் உறுதிமொழியும் வேண்டாம். அந்த இடத்தில் செய்த வேலையை எண்ணோடு எழுதலாம். கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள். பள்ளியில் படிக்கும்போது விளையாட்டாக வைத்த மின்னஞ்சல் முகவரியை மாற்றுங்கள்.

பேரேடு எழுதிய அந்த மாணவியின் சுயவிவரத்தில் கடின உழைப்பாளி என்ற வரி இப்போது இல்லை. "12 பேர் கொண்ட சுயஉதவிக் குழுவின் சேமிப்பு, கடன் கணக்குகளை மூன்று ஆண்டுகளாக எழுதி, மாதந்தோறும் வங்கி இருப்போடு ஒத்துப்பார்த்து வருகிறேன்" என்று இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழக அவளுக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. பழக்கிவிட்டது நான் இல்லை. அவள் ஊர்ப் பஸ் நாலரை மணிக்குத்தான் வரும்; வகுப்பு மூன்றரைக்கே முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரம் நான்கு தோழிகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். பதில் தடுக்கினால் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வைத்தார்கள். இந்த ஆண்டு அதே மரத்தடியில் இரண்டாமாண்டு மாணவிகள் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.