நெடுந்தீவு கிறவுண்டில லைற் இருக்கு, மட்ச் முடிக்கப் போட் இல்லை

இந்த ஓகஸ்ட் ஊருக்குப் போய் வந்த கோபம் இன்னும் ஆறேல்ல, அதாலதான் எழுதுறன். பிளேன், கட்டுநாயக்கா, நல்லூர்த் திருவிழா எல்லாம் ஆக்கள் எழுதிப்போட்டினம். நான் சொல்லப்போறது யாழ்ப்பாணத்துக்கு அங்கால கடலுக்குள்ள இருக்கிற எங்கட நெடுந்தீவில பார்த்த ஒரு கரப்பந்தாட்ட (வொலிபோல்) பைனலைப் பற்றி மட்டும்தான்.

சோளகக் காத்து, அதுதான் தென்மேற்குப் பருவக்காத்து, எப்பிடி அடிக்குமெண்டு எங்கட ஆக்களுக்குத் தெரியும். அந்தக் காத்துக்குள்ள விளையாடுறதே ஒரு தனி வித்தை. எங்கட பெடியன் ஒருத்தன் சேர்வ் போடேக்க பந்தை இடக்கையில வச்சுக்கொண்டு காத்து ஒருக்கா விழுமட்டும் அசையாமல் நிண்டான், விசில் ஊதினால் 8 செக்கனுக்குள்ள அடிக்கோணும், சுத்தி நிண்ட சனம் மூச்சு விடாமல் பார்க்குது, ஏழாவது செக்கனில அடிச்சான் பாருங்கோ, பந்து நெற்றைத் தாண்டி அப்பிடியே செத்து விழுந்தது. ரொறன்ரோவில ஏசி போட்ட ஜிம்மில எத்தினையோ ரூர்ணமென்ற் பார்த்திருக்கிறன், இப்பிடி ஒரு சேர்வ் கண்டதில்லை.

யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்த ரீம் நல்ல ரீம். ஆளுக்கொரு செற் எடுத்து, மூண்டாவது 15 பொயின்ற் செற். 8 இல சைட் மாறேக்க அவை முன்னுக்கு, பிறகு எங்கட பெடியள் விட்டுப் பிடிச்சு 11-11. அந்த நேரம் பார்த்துத்தான் துறைமுகத்திலயிருந்து ஒருத்தர் மோட்டச்சைக்கிளில வந்து “போட் வெளிக்கிடப்போகுது, வாறவை வாங்கோ” எண்டார். அவ்வளவுதான், மட்ச் முடிஞ்சுது. வந்த ரீமும் போகோணும், ரெஃப்ரியும் அந்தப் பக்கத்து ஆள், அவரும் போகோணும். ஜேர்சியோடயே லாண்ட்மாஸ்ரர் எண்ட சின்ன உழவு மெசினில ஏறிப் போயிட்டினம். ரெண்டு ரீமும் இணைச் சம்பியனாம், கப்பை ஆறு மாசம் அங்கயும் ஆறு மாசம் இங்கயும் வச்சிருக்கலாமாம். 11-11 இல நிண்ட மட்சுக்கு என்னெண்டு கப் குடுக்கிறது?

நானும் பின்னால துறைமுகத்துக்குப் போய்ப் போட்காரரைக் கேட்டன், “அண்ணை, ஒரு பத்து நிமிசம் பொறுக்கேலாதே?” எண்டு. அவர் சத்தம் போடேல்ல, அமைதியாத்தான் சொன்னார், “தம்பி, அங்கால இறங்குதுறை குறிகட்டுவானில பஸ் போனால் இந்தச் சனம் எல்லாம் றோட்டில நிக்கும், உள்ளுக்கை வருத்தக்காரரும் இருக்கினம்.” அவர் சொன்னது முழுக்க நியாயம். அதுதான் எனக்கு இன்னும் கூடக் கவலை, ஏனெண்டால் அங்க ஆரிலயும் பிழை பிடிக்கேலாது, அந்தப் போட் சனத்தை ஏத்தி இறக்க விட்ட போட், மட்சுக்கு விட்டதில்லை. இருட்டினாப் பிறகு அந்தக் கடலில, அதுவும் சோளகத்துக்குள்ள, வேற போட்காரர் ஆரும் ஆளேத்த விரும்பாயினம்.

ரொறன்ரோவிலயும் தீவு இருக்கு. வோர்ட்ஸ் ஐலன்டில சில நூறு பேர்தான் இருக்கினம், ஆனா பனிக்காலத்திலயும் ராவில ஃபெரி ஓடுது. பக்கத்தில ஹான்லன்ஸ் பொயின்ற் எண்ட இடத்தில முந்தி பேஸ்போல் ஸ்ரேடியமே இருந்தது, பேஸ்போலில பெரிய பேர் எடுத்த அமெரிக்கன் பேப் ரூத் தன்ர முதல் புரொஃபெஷனல் ஹோம் ரன்னை 1914 இல அடிச்சது அங்கதான். சனம் ஃபெரி ஏறிப் போய்த்தான் அந்த மட்சைப் பார்த்தது. ஃபெரி ஓடினபடியால்தான் அங்க ஸ்ரேடியம் இருந்தது.

எங்கட கிறவுண்டில இப்ப ஃப்ளட் லைற் கம்பங்கள் நிக்குது, வெளிநாட்டுக் காசில போட்டது. குடுத்தவையின்ர மனசை நான் குறை சொல்லேல்ல. ஆனா ராவு மட்ச் வைச்சால் வெளி ரீம் எப்பிடித் திரும்பிப் போறது எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்ல. பிறகு தீவுக்குள்ள இருக்கிற கழகங்கள்தான் தங்களுக்குள்ள திருப்பித் திருப்பி விளையாடோணும். ரெண்டு கம்பமும் ஒரு நெற்றும் இருந்தால் எந்தத் தீவிலயும் விளையாடக்கூடிய விளையாட்டு கரப்பந்து, 1991 இல நாட்டின்ர தேசிய விளையாட்டாக்கினதும் அதைத்தான். ஆனா வெளி ரீமோட மோதாமல் ஆட்டம் எப்பிடி வளரும்?

இதைவிடப் பெரிய கொடுமை பிள்ளையளுக்கு. வலைப்பந்து (நெற்போல்) விளையாடுற பிள்ளையள் சிலரோட கதைச்சன். யாழ்ப்பாணத்தில போட்டியெண்டால் விடியக்காலமை முதல் போட்டில ஏறோணும், ஒரு மணித்தியாலம் அலைக்குள்ள சத்தி எடுத்து, குறிகட்டுவானில இறங்கி, பிறகு பஸ்ஸில யாழ்ப்பாண ரவுண் பக்கம் பண்ணை எண்ட இடம் வரைக்கும் போய், அப்பிடியே கோட்டுக்குள்ள இறங்கோணும். எதிர் ரீம் வீட்டில நித்திரை கொண்டு, சாப்பிட்டிட்டு வந்து நிக்கும். யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கை 2016 இல இந்தியக் காசில திருத்தித் திறந்தது சந்தோசம்தான், ஆனா எங்கட பிள்ளையள் களைச்சுப்போய்த்தான் அங்க போய்ச் சேருதுகள். வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்திலயிருந்து போய் 2018 இல ஆசியக் கிண்ணம் வெண்ட இலங்கை ரீமில விளையாடினவ. எங்கட தீவிலயும் உயரமான, பந்தை விடாமல் பிடிக்கிற பிள்ளையள் இருக்குதுகள், நான் கண்ணால பார்த்தனான்.

முந்தி நாங்கள் கல்லுப் பொறுக்கி, சுண்ணாம்புத்தூளால கோடு கீறி, வெறுங்காலோட விளையாடின கிறவுண்ட் அது. முருகைக்கல் வேலிக்கு அங்கால பந்து போனால் குதிரையள் நிக்கும், கலைச்சுப்போட்டு எடுப்பம். இப்ப கிறவுண்ட் நல்ல வடிவு, அதில குறை சொல்ல ஒண்டுமில்லை.

கழகப் பெடியள் ஒரு வழி சொல்லுறாங்கள். வெளி ரீம் முதல் நாளே வந்து பள்ளிக்கூட ஹோலில தங்கட்டும், அடுத்த நாள் வெள்ளன, காத்துக் கிளம்ப முன்னமே பைனலை வைப்பம் எண்டு. அதுக்குப் படுக்கப் பாய், ரெண்டு ரொயிலற், குடிக்க நல்ல தண்ணி வேணும், கிணத்துத் தண்ணி உவர் எண்டது தெரியும்தானே. பிள்ளையளுக்கும் அதே மாதிரி, போட்டிக்கு முதல் நாள் யாழ்ப்பாணத்தில தங்க ஒரு வீடு வேணும். அடுத்த வருசம் கிறவுண்டில சனம் இருந்து பார்க்கக் கேலறி கட்டவெண்டு காசு சேர்க்கிற சங்கங்கள், தயவுசெய்து கேலறியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு இந்த ரெண்டையும் முதல் செய்யுங்கோ. பெடியளோட கதைக்க விருப்பமெண்டால் சொல்லுங்கோ, நான் தொடர்பு எடுத்துத் தாறன்.