குரோமியத் தண்ணீருக்கு அன்னபேதியா, வெயிலா?

ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியம் என்ற உலோகத்தின் விஷம் மிகுந்த வடிவம். மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவிலிருந்து மழைக்கு மழை கரைந்து இறங்குவது இதுதான், புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிட்டால் விஷம் வெகுவாகக் குறையும், சுண்ணாம்பு சேர்த்தால் அடியில் படிந்தும் விடும். அன்னபேதியும் (இரும்பு சல்பேட் உப்பு) சரி, வெயிலில் வேலை செய்யும் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ தூளும் சரி, செய்வது இந்த இறக்குகிற வேலையைத்தான். ஒளி பட்டதும் உலோகம் மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அன்னபேதி மலிவு, நிமிடங்களில் முடியும், ராத்திரியிலும் நடக்கும், கலங்கல் தண்ணீர் என்றாலும் கவலையில்லை. ஆனால் ஒரு கிராம் குரோமியத்துக்குக் குறைந்தது 16 கிராம் அன்னபேதி வேண்டும், அந்த இரும்பெல்லாம் கசடில் வந்து சேரும், காயவைத்தால் சுமார் 8 கிராம். ஒளி முறையில் 2 கிராம்தான். கொட்டிய கழிவாலேயே கெட்ட ஊருக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது, எனக்குத் தூள்மேல் ஆசை வந்ததே இதனால்தான்.

பார்க்கவும் அழகு. தூள் கலந்து பால்போல வெளுத்த கரைசலை வெயிலில் கலக்கிக்கொண்டே, அவ்வப்போது கொஞ்சம் எடுத்துத் தெளியவைத்து ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் ஊதாவாக மாறும் டைபீனைல் கார்பசைடு விட்டால் முதலில் அடர் ஊதா, அப்புறம் இளஞ்சிவப்பு, கடைசியில் நிறமே வராது. சரி, இப்போது அந்தத் தூளைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுங்கள். துகள் 20 நானோமீட்டர் அளவு. சாதாரண வடிதாளில் ஊற்றினால் கீழேயும் வெள்ளையாகத்தான் இறங்கும். கண்ணாடி மணிகளில் பூசி நிறுத்தலாம், வேகம் படுத்துவிடும். இந்தத் தூளுக்குப் புற ஊதா ஒளிதான் வேண்டும், வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான், அதிலும் ஒரு பகுதியை மஞ்சள் தண்ணீரே விழுங்கிவிடும். சிட்ரிக் அமிலம் மாதிரி ஏதாவது சேர்க்காவிட்டால் வேலை மந்தம், போகப்போகக் குரோமியம் துகள்மேலேயே ஒட்டி அதை அடைத்தும் விடுகிறது.

இன்னொரு வழி அயனி பரிமாற்ற ரெசின், தண்ணீரிலுள்ள குரோமியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பிசின் மணிகள். அது குடிநீர்க் குழாயோரத்துக்கு நல்லது, ஆனால் அதைக் கழுவிய உப்புநீரில் அதே விஷக் குரோமியம் அப்படியே இருக்கும், அதற்கும் கடைசியில் அன்னபேதிதான்.

ஆகவே இன்றைக்குக் கிணற்றைச் சுத்தம் செய்யச் சொன்னால் நான் அன்னபேதியைத்தான் எடுப்பேன். வடிகட்டிய கிணற்றுத் தண்ணீரிலேயே, பத்தாவது தடவையும் அதே தூள் அதே வேகத்தில் வேலை செய்வதை யாராவது காட்டட்டும், மறுநாளே மாறிக்கொள்கிறேன்.