ஒரே எண், இருபது வருடத்துக்கு மேல்: என் செல்போன் அனுபவம்

2004-இல் பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வாங்கிய எண்ணைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். போன் ஏழு மாறிவிட்டது, இப்போது இருப்பது நான்காவது சிம், கம்பெனி இரண்டு முறை மாற்றினேன். போனைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், பின்னால் இருக்கிற நெட்வொர்க் எப்படி மாறியது என்று இத்தனை வருடம் பார்த்ததை எழுதலாம் என்று தோன்றியது.

அதற்கு முன் வீட்டில் லேண்ட்லைன். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு செம்புக் கம்பிக்குத்தான் அந்த எண் சொந்தம். வாடகை வீடு மாறி வேறு எக்ஸ்சேஞ்ச் பகுதிக்குப் போனபோது எண்ணும் போய்விட்டது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் இன்லண்ட் லெட்டரில் புது எண்ணை எழுதியது ஞாபகம் இருக்கிறது.

செல்போனில் எண் ஆளோடு வருகிறது என்றால் அதற்குக் காரணம் ஒரு பதிவேடு. நாம் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதை போன் சும்மா இருக்கும்போதே டவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும், அது கம்பெனியின் எச்எல்ஆர் என்கிற பதிவேட்டுக்குப் போகும், அழைப்பு வந்தால் முதலில் அங்கே கேட்டுவிட்டு அந்தப் பகுதி டவர்கள் எல்லாம் நம்மைக் கூப்பிட்டுப் பார்க்கும். ஆனால் 2004-இல் இதற்கு எல்லை இருந்தது. 2003 மே மாதத்திலிருந்தே இன்கமிங் இலவசம்தான், ரோமிங்கில் மட்டும் காசு. செல்போன் சேவைக்காக நாட்டை வட்டம் வட்டமாகப் பிரித்திருக்கிறார்கள், சொந்த வட்டத்தைத் தாண்டினால் ரோமிங். அப்போது சென்னை தனி வட்டம், மற்ற தமிழ்நாடு தனி வட்டம். நெல்லை எக்ஸ்பிரஸ் சென்னையை நெருங்கும்போது திரையில் நெட்வொர்க் பெயர் மாறும், அம்மா சரியாக அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார். நான் எடுக்க மாட்டேன். எழும்பூரில் இறங்கி ஒரு ரூபாய் காயின் பாக்ஸில் "வந்து சேர்ந்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டு வைப்பேன்.

என்னைக் கேட்டால் இதுவரை நடந்ததிலேயே பெரிய மாற்றம் போர்ட்தான், அதாவது எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறுகிற வசதி. 2011 ஜனவரி 20-இல் நாடு முழுக்க வந்தது. அதுவரை எண்ணின் முதல் நாலு இலக்கத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனி, எந்த வட்டம் என்று எக்ஸ்சேஞ்ச் அனுப்பிவிடும். அதன் பிறகு, இந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று பொது டேட்டாபேஸில் பார்த்துத்தான் அழைப்பை அனுப்ப வேண்டும். 2012-இல் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, போர்ட் செய்யக் கேட்கும் குறியீட்டை வாங்கி மாறினேன். பேசுவதில் ஒரு தொந்தரவும் இல்லை, ஒரு வங்கியின் எஸ்எம்எஸ் மட்டும் ஒரு வாரம் வராமல் அலையவிட்டது. முதலில் போர்ட் அந்தந்த வட்டத்துக்குள்தான். 2015 ஜூலை 3-இலிருந்து எந்த வட்டத்துக்கும் போகலாம் என்றானது, அந்த வருடமே பெங்களூருக்கு வந்த எனக்கு அது அவ்வளவு உதவி. நெல்லை எண், கர்நாடக வட்டம், உள்ளூர் கட்டணம். யாருக்கும் புது எண் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் 4ஜி. ஆரம்பத்தில் அது டேட்டாவுக்கு மட்டும்தான், அழைப்பு வந்தால் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிவிடும். ஓசூர் ரோட்டில் மேப் பார்த்து ஓட்டும்போது அம்மா கூப்பிட்டால் மேப் அப்படியே நின்றுவிடும், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டியிருப்பேன். பிறகு வந்த வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே பேசும் முறை, அதில் பேச்சும் டேட்டாவாகவே போகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது முழுக்க அதில்தான் வந்தது, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். எனக்கு அது கிடைத்ததும் கண்ணுக்குத் தெரிந்தது, எண்ணைத் தட்டியவுடன் மணி அடித்ததுதான். முன்பு சில நொடி சத்தமே இருக்காது.

குறை இல்லாமல் இல்லை. வீட்டின் பின்அறையில் சிக்னல் ஒரு கோடுதான், டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேசும் வைஃபை காலிங் வந்த பிறகுதான் அங்கே உட்கார்ந்து பேச முடிகிறது. 5ஜி 2022 அக்டோபரில் வந்தது, பேசுவதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உண்மையான வருத்தம் ரீசார்ஜில்தான். வங்கி, ஆதார், கேஸ் என்று எல்லாமே இந்த எண்ணில் இருக்கிறது. 90 நாள் உபயோகிக்காமல் விட்டால் எண் கையைவிட்டுப் போகலாம், பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அம்மா யாரையும் கூப்பிடுவதில்லை, வருவதை எடுப்பதோடு சரி. அவருக்கும் 28 நாளுக்கு ஒரு முறை நான்தான் போடுகிறேன். இந்த மாதம் 24-ஆம் தேதி முடிகிறது.