வாழை ஊரில் திராட்சை வினிகர்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வீட்டில் பழத்தைப் புளிக்க வைத்து வினிகர் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது பூவன் பழத்தில்தான். கொல்லையில் தார் முழுக்க ஒரே நேரத்தில் பழுத்துவிடும். அக்கம்பக்கத்துக்குச் சீப்பு சீப்பாகக் கொடுத்தாலும் மிச்சம் நிற்கும். நான் பூவன், பன்னீர் திராட்சை இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட்டுத் திராட்சையோடு நின்றுவிட்டேன். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிறது. இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்வது கொஞ்சம் துரோகம்தான்.

வைனாகவே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால் இங்கே பேச்சு வினிகரைப் பற்றி மட்டும். முதல் கட்டத்தில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். அது முடிந்ததும், காற்றுப் படும்படி வாயகன்ற ஜாடியில் மெல்லிய துணி கட்டி வைத்தால் அசிட்டிக் பாக்டீரியா அந்தச் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரின் புளிப்பாக, மாற்றிவிடும். கண்ணாடி, பீங்கான் ஜாடி சரி. பித்தளை, அலுமினியம் கூடாது. முதல் கட்டத்தில் மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கும். இதெல்லாம் இரண்டு பழத்துக்கும் பொது.

விலையில் பூவன்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. முகூர்த்த மாதம் கழிந்தால் கறுத்த பழத்தைக் கடைக்காரர் சும்மாவே கொடுப்பார். திராட்சை தேனி மாவட்டத்திலிருந்து லாரி ஏறி வர வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க அறுவடை நடப்பதால் கிடைப்பதில் சிரமமில்லை, காசுதான். மருந்து அடித்த பழம் என்பதால் நன்றாக அலசவும் வேண்டும்.

அப்புறம் ஏன் திராட்சை? வண்டல். வாழைப்பழத்தில் பெக்டின் என்ற கூழ்ப் பொருள் அதிகம், சாறு தனியாகப் பிரியாது. மசித்துத் தண்ணீர் விட்டுத்தான் போட வேண்டும். பொங்கி அடங்கியதும் பார்த்தால் பாதி ஜாடி கூழ். வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டால் ராத்திரி முழுக்கச் சொட்டும். பொறுமை இல்லாமல் பிழிந்தால் கூழும் சேர்ந்து இறங்கும். வடிந்ததும் கழுநீர் மாதிரிதான் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து, தெளிந்ததைக் குழாய் போட்டு மேலாக எடுத்தால் அடியில் மறுபடி ஒரு படிவு. ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளராவது வண்டலோடு போகும். அப்படியே விட்டுவைத்தால் செத்த ஈஸ்டும் கூழும் கெட்டு நாற ஆரம்பிக்கும். துணியைத் திறந்த நேரம் பார்த்துப் பழ ஈ உள்ளே போகும். பழத்தை வேகவைத்தால் சீக்கிரம் தெளியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சூட்டில் பெக்டின் இன்னும் இறங்கி, கலங்கல் நிலைத்துவிடும். பெக்டினை உடைக்கும் பெக்டினேஸ் நொதி ஆன்லைனில் கிடைக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்கினால் ஓசிப் பழத்தின் லாபம் எங்கே?

தண்ணீர் விடுவதில் இன்னொரு சிக்கல். சேதாரம் போகச் சர்க்கரையில் ஏறக்குறைய பாதிதான் கடைசியில் புளிப்பாகத் தேறும். கடையில் விற்கும் வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சமபங்கு தண்ணீர் விட்ட வாழைக் கரைசல் அந்த எல்லையில் தடுமாறும். சர்க்கரை சேர்த்தால்தான் நிம்மதி.

திராட்சைக்கு இந்தப் பாடு கிடையாது. கையால் நசுக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசக்கும். தோல் மேலே மிதந்து வரும், காலையும் மாலையும் மரக்கரண்டியால் உள்ளே அமுக்கிவிடுங்கள். காய்ந்த தோலில்தான் பூஞ்சை பிடிக்கும். ஒரு வாரத்தில் கொதிப்பு அடங்கியதும் வடிகட்டினால், சாறு தானாகவே தெளிந்து கருஞ்சிவப்பாக நிற்கும். அடியில் மணல் போல நறநறவென்று படிவது டார்டாரிக் உப்பு, பயப்பட ஒன்றுமில்லை. பழத்திலேயே புளிப்பு இருப்பதால் ஆரம்ப நாட்களில் கெட்ட கிருமி எளிதில் தலையெடுக்காது. பூவனுக்கு அதற்காகவே எலுமிச்சை பிழிய வேண்டியிருக்கிறது.

வினிகராகும் கட்டத்தில் நடுவில் நெயில் பாலிஷ் வாசனை வரும், பெரும்பாலும் தானே போய்விடும். பாக்டீரியாவுக்கு 30 டிகிரி வாக்கில்தான் சுகம். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டு அறையில் வைத்தால் சோர்ந்துவிடும். மழைக்காலம் முடிந்து மார்கழி, தையில் போடுங்கள். சாதாரணமாக இரண்டு மாதம் போல ஆகும். வருஷக்கணக்கில் ஊறவைத்த அனுபவம் எனக்கு இல்லை.

தேங்காய்த் தண்ணீரிலும் செய்யலாம், அதில் கை அதிகம் பழகவில்லை. சர்க்கரை குறைவாகத்தான் இருக்கும், வெளியிலிருந்து சேர்க்காமல் முடியாது.

சுவைக்காக வாழைதான் வேண்டும் என்றால் பூவனை விட்டுக் கற்பூரவல்லி போடுங்கள். இனிப்பு கூடுதல், தண்ணீர் விட்டாலும் கொஞ்சம் தாங்கும். எதில் செய்தாலும் அமில அளவு தெரியாத வீட்டு வினிகரை நாள்பட்டு வைக்கும் ஊறுகாயில் ஊற்ற வேண்டாம். வெங்காயப் பச்சடி, மீன் வறுவல் மசாலாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.