மூலை பார்க்க மூலமட்டமா, 3-4-5 கணக்கா?

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட நூல் கட்டும்போது மூலை சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும். L வடிவ இரும்பு மூலமட்டம் போதுமா, நாடா பிடித்து 3-4-5 (முக்கோணத்தின் பக்கங்கள் இந்த விகிதத்தில் இருந்தால் மூலை 90 பாகை) அளக்க வேண்டுமா என்பது வீடு கட்டுவோரின் வழக்கமான குழப்பம்.

செலவு
மூலமட்டம்: தனியாக வாங்க வேண்டும்.
3-4-5: கையில் இருக்கும் அளவு நாடாவே போதும்.

வேகம்
மூலமட்டம்: வைத்ததும் தெரிந்துவிடும்.
3-4-5: துணைக்கு ஓர் ஆள் தேவை.

துல்லியம்
மூலமட்டம்: 2 அடிக் கையின் முனை 1 மி.மீ. விலகியிருந்தால், 30 அடிச் சுவரின் கடைசியில் அது 15 மி.மீ. கோணல். பிறகு டைல்ஸ் ஒட்டுபவர் ஓரத் துண்டுகளைச் சாய்வாக வெட்டிக்கொண்டே நம்மைத் திட்டுவார்.
3-4-5: ஒரு நூலில் 9 அடி, மறு நூலில் 12 அடி குறித்து, குறுக்கே 15 அடி வருகிறதா என்று பாருங்கள். முக்கோணம் பெரிதானால் பிழை சிறுக்கும். மேடு பள்ளமான மனையில் நாடாவைத் தரையோடு கிடத்தாமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும்.

நீடித்த உழைப்பு
மூலமட்டம்: கீழே விழுந்தால் கோணம் மாறலாம். சோதிக்க, நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு கிழித்து, திருப்பி வைத்து மறுபடி கிழியுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் தூக்கிப் போடுங்கள்.
3-4-5: கணக்குக்கு ஏது தேய்மானம்? வேள்வி மேடைகளைக் கயிற்றால் அளக்கச் சொன்ன போதாயனரின் சுல்ப சூத்திரத்திலேயே 3-4, 12-5, 15-8 எனச் செங்கோணப் பக்க ஜோடிகள் இருக்கின்றன. கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இந்தச் செங்கோண விதிக்கு நிரூபணமும் தந்துவிட்டார்.

அஸ்திவாரத்துக்கும் அறை மூலைக்கும் 3-4-5தான் என் தேர்வு. செங்கல் வரிசை, ஜன்னல் சட்டம், பூச்சு மூலை ஆகியவற்றுக்கு மூலமட்டமே கைக்கு அடக்கம்.